நெருள் அடுக்களைக்கு ஒரு கத்தி

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு குடித்தனம் நடத்திய தமிழ்ப் பெண்மணிகளுக்குக் கத்தியைத் தேர்ந்தெடுப்பது என்னும் பிரச்சினை பெரும்பாலும் எழுந்ததே இல்லை. கும்பகோணத்திலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ கல்யாணச் சீரோடு ரயிலேறி வந்த அரிவாள்மணை ஒன்று, அடுக்களைத் தரையில் சுவரோரமாக நிரந்தர ஸ்தானம் பெற்று, வெண்டைக்காய் முதல் வாழைப்பூ வரையில், பூசணி முதல் தேங்காய்த் துருவல் வரையில், வீட்டின் சகல காரியங்களையும் கவனித்துக்கொண்டது. தாராவியின் சிறு அறைகளிலும் இதே கருவிதான் இருந்தது. மராத்தியர் வீட்டிலும் நுனியில் துருவியைத் தாங்கிய இதன் உடன்பிறப்பு ஒன்று விளி என்ற பெயரோடு வாழ்ந்துவந்தபடியால், மொழி தெரியாத புது ஊரில் அண்டைவீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்த நம் பாட்டிமார்களுக்கு அங்கே அந்நியமாக எதுவும் தென்பட்டிருக்காது.

பிறகு வீடுகளின் அமைப்பு மாறிற்று. 1970ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சிட்கோ நிறுவனம் கழிமுகத்துக்கு இக்கரையில் புது மும்பையைத் திட்டமிட்டு எழுப்ப, 1993இல் ரயில் அதிலுள்ள நெருளை எட்டிய பின்னர், மாட்டுங்கா, செம்பூர், தாராவிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இங்கே வந்து குடியேறினார்கள். அவர்கள் பெற்ற அடுக்களைகளில் உட்கார இடமில்லை, மராத்தியர் ஓட்டா என்று சொல்லும் சமையல் மேடையின் முன் நிற்கத்தான் இடம் உண்டு. முழங்காலை மடக்கித் தரையில் அமர முடியாத வயது வந்ததும், அமரும் வழக்கமே இல்லாத இளைஞர் கைக்குச் சமையல் போனதும் சேர்ந்துகொள்ள, அரிவாள்மணை பரணுக்கு ஏறிவிட்டது. திவாளே கிராமத்து மீன் சந்தைக்குப் போனால், தரையோடு தரையாக அமர்ந்த கோளிப் பெண்கள் கைவேகம் கண்ணுக்குப் பிடிபடாதவாறு மீனைத் துண்டமாக்குவதை இன்றும் காணலாம். ஆனால் அது தொழிலாளியின் கை, நமது பேச்சோ நேற்றுத்தான் அடுப்பைப் பற்றவைத்த கையைப் பற்றியது.

அரிவாள்மணை போன இடத்தை நிரப்பியது எது என்று பார்த்தால், பிளாஸ்டிக் பிடியும் ரம்பம் போன்ற பல்விளிம்பும் கொண்ட, விரல் நீளமே உள்ள மலிவான கத்திதான். இது ஏன் இத்தனை சுலபமாக நம் வீடுகளில் புகுந்தது என்பதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அரிவாள்மணையில் அலகு அசைவதில்லை. காலால் மணையை அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் காயைப் பற்றி, அசையாமல் நிற்கும் அலகை நோக்கிக் காயை நகர்த்துகிறோம். நறுக்கிய துண்டு நேரே பாத்திரத்தில் விழுகிறது. பலகை என்னும் வஸ்துவுக்கு அங்கே வேலையே கிடையாது. இந்தப் பழக்கத்தில் ஊறிய கைகள் மேடைக்கு வந்தபோது, இடக்கையில் காயை ஏந்தி, சிறு கத்தியைக் கட்டைவிரலை நோக்கி இழுத்து, அந்தரத்திலேயே நறுக்கிப் பாத்திரத்தில் விழச்செய்யும் முறையை மேற்கொண்டன. நாற்பது வருஷம் அப்படி நறுக்கிய தாய்க்கு அது சுகமாகவே இருக்கிறது. அவளைப் பார்த்து ஆரம்பிக்கும் பிள்ளைக்கோ, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டைவிரலே அடைகல்லாக அமைகிறது; வேகமும் வருவதில்லை, துண்டுகள் ஒரே அளவாக விழுவதுமில்லை, ஆகவே பொரியலில் பாதி குழைந்து பாதி வேகாமல் நிற்கிறது.

எனவே சமையற்காரர்கள் கையாளும் பெரிய கத்திக்கு மாற எண்ணுகிறவர், தாம் வாங்கப்போவது ஒரு கத்தியை மட்டுமல்ல, ஒரு முறையையே என்பதை முதலில் உணர்தல் அவசியம். அந்த முறைக்குக் கத்தி, பலகை, தீட்டுக்கல் என்று மூன்று சாதனங்கள் வேண்டும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் கத்திக்கே செலவழித்துவிட்டுக் கருங்கல் மேடைமேல் நறுக்குகிறவரைவிட, சாமானியக் கத்தி ஒன்றை வாங்கி, மிச்சத்தில் பலகையும் கல்லும் வாங்கிக்கொள்கிறவர், ஆறு மாதம் கழித்து மிக நல்ல கத்தியை வைத்திருப்பார் என்பது என் திடமான அபிப்பிராயம். இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் ஆயிரத்துக்குமேல் கத்திக்குப் போகவேண்டாம் என்றே சொல்வேன்.

இனி, எப்படிப்பட்ட கத்தி? மேல்நாட்டுச் சமையற் புத்தகங்கள் எட்டு அங்குல நீளமும் வளைந்த விளிம்பும் கனத்த முதுகும் உடைய ஜெர்மானிய மாதிரியைப் பெரும்பாலும் சிபாரிசு செய்கின்றன. ஸோலிங்கன் நகரத்தார் அந்த வகையில் அடைந்திருக்கும் தேர்ச்சி உலகப் பிரசித்தம். அந்நகரின் பெயரைக் கண்டவர்களெல்லாம் கத்தியில் பொறிக்கக்கூடாதென்று 1938இல் சட்டமே செய்தார்கள். ஆனால் கால் கிலோ அளவுக்கு எடையுள்ள அக்கத்திகள், எலும்பையொட்டி மாமிசத்தைப் பிரிப்பதும் கிழங்குகளைப் பெருந்துண்டங்களாக்குவதும் நித்திய காரியமாக உள்ள அடுக்களைகளில் உருவானவை. நம் வீட்டில் ஒரு வாரத்தில் கத்தியின் கீழ் என்னென்ன வருகின்றன என்று நிதானமாக யோசித்துப் பார்க்கவேண்டும்: வெண்டை, கொத்தவரை, பீன்ஸ், கோஸ், கத்தரி, வாழைக்காய், முருங்கை, தக்காளி, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கீரை, கொத்தமல்லி, அசைவ வீடானால் கடைக்காரர் ஏற்கெனவே துண்டமாக்கிக் கொடுத்த மீனும் கோழியும். இவற்றில் பெரும்பாலானவை நுண்ணிதாகவும் ஒரே சீராகவும் நறுக்கப்படவேண்டியவை. பலம் வேண்டியவை மிகக் குறைவு. ஆகவே நமக்கு உகந்தது கனத்தினால் வெட்டும் கத்தியன்று, மெல்லிய அலகினால் வெட்டும் கத்தி.

ஜப்பானியர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தங்கள் வீட்டுச் சமையலுக்கென்று சாந்தோக்கு என்னும் வடிவத்தைப் பரவலாக்கினார்கள். ஆறரை முதல் ஏழு அங்குல நீளம், அகன்ற அலகு, ஏறக்குறைய நேரான விளிம்பு, கீழ்நோக்கிச் சரிந்த முதுகுநுனி ஆகியவை அதன் லட்சணங்கள். காய்கறியும் மீனும் கொஞ்சம் மாமிசமும் ஒரே கத்தியால் நறுக்கவேண்டிய சிறு வீடுகளுக்காக அமைந்த அந்த வடிவம், நெருளின் ஒற்றைப் படுக்கையறை வீட்டுத் தமிழ் அடுக்களைக்கும் பொருந்திவருவதில் ஆச்சரியமில்லை. இப்பொழுது இந்தியக் கம்பெனிகளும் இதே மாதிரியில் கத்திகளை விற்கின்றன. வளைந்த விளிம்புள்ள ஏழு அங்குலக் கத்தியே கிடைக்கிறதென்றாலும் குற்றமில்லை. எட்டு அங்குலத்தைத் தாண்டவேண்டாம், ஆறுக்குக் குறையவும் வேண்டாம். கைப்பிடியை அடுத்த இடத்தில் அலகின் அகலம் நாலரை சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்க. அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் விரல்கணு பலகையில் போய் இடிக்கும்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது; ஏனெனில் வாங்குகிறவர்களின் கண்ணுக்குப் புலப்படாததும், கத்தியின் ஆயுளை நிர்ணயிப்பதும் அதுவே. நம் வீட்டில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திர உலோகத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்திருக்கின்றன, கரியோ அணுவளவே உள்ளது. துரு அணுகாத இந்த உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது கடினமாவதில்லை. டம்ளருக்கும் டப்பாவுக்கும் உத்தமமான பொருளாகிய இதில் அலகு செய்தால் கூர் நிற்காது. கத்திக்கு வேண்டியது, காய்ச்சித் தோய்க்கும்போது இறுகும் வேறு வகை எஃகு. அதற்குக் கரி தேவை. இரண்டையும் பிரித்தறியக் கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு சிறு காந்தத்தை அலகில் வைத்துப் பார்ப்பது. தோய்ச்சலில் இறுகும் எஃகில் காந்தம் இறுகப் பற்றும். எவர்சில்வர் பாத்திரத்தில் பற்றாது. காந்தம் பற்றும் கத்தியெல்லாம் நல்ல கத்தி என்று இதனால் ஏற்படாது. ஆனால் பற்றாத கத்தியை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

கரி கலந்த எஃகின் மகிமை உலகத்துக்குத் தெரியவந்ததில் நம் தென்னாட்டுக்கும் இந்த மும்பைக்கும் உள்ள சம்பந்தத்தை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், சங்ககாலத்திலேயே அங்கே மூசைகளில் உருக்கு செய்யப்பட்டதற்கான சான்றுகளைத் தந்திருக்கின்றன. அவ்விதம் தென்னாட்டிலும் தக்கணத்திலும் வழிவழியாக வந்த உருக்கின் கட்டிகள் சிலவற்றை, 1794ஆம் ஆண்டில் பம்பாயில் வைத்தியராக இருந்த ஹெலினஸ் ஸ்காட் என்பவர், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்கு அனுப்பிவைத்தார். அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன், அடுத்த வருஷம் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எஃகு பம்பாயில் செய்யப்படுவது என்று எழுதினார். சரக்கு புறப்பட்ட துறைமுகம் அதன் பிறந்தகமாகிவிட்டது. லண்டனில் வெட்டுக்கருவிகள் செய்வதில் பேர்பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், நுண்ணிய விளிம்பு வேண்டிய கருவிகளுக்கு இதைக்காட்டிலும் சிறந்த எஃகு இல்லையென்று மதித்து, இளைஞராயிருந்த மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அதன் ரகசியத்தை அறிய முயன்றார். எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் முதலிய உலோகங்களை அவர்கள் கலந்து பார்த்த சோதனைகள், பிற்காலத்துக் கலப்பு எஃகு ஆராய்ச்சிகளுக்கு முன்னோடியாயின. ஸ்காட் கட்டிகளை அனுப்பி நூற்றிருபது வருஷங்களுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், 1913இல் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தைத் தடுக்க வழி தேடுகையில், நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு போலக் குரோமியம் சேர்ந்த எஃகை வினிகரும் பழச்சாறும் அரிப்பதில்லை என்று கண்டு, மேஜைக் கத்திகளுக்கு ஏற்றது இதுவே என்று வற்புறுத்தினார். துருப்பிடிக்காததும் கூர் ஏற்கக்கூடியதுமான இன்றைய கத்திகள் யாவும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

குரோமியம் இல்லாத பழைய கரி எஃகுக் கத்திகளும் இன்று கிடைக்கின்றன. சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்திக் கொல்லர்கள் லாரி வில்பட்டைகளைக் காய்ச்சி அடித்துச் செய்யும் அரிவாள்களைக் கையாண்டவர்களுக்கு, அந்த எஃகு எவ்வளவு சுலபமாகக் கூர் ஏற்கிறது, எத்தனை நாள் அதைக் காக்கிறது என்பது தெரியும். எனக்கு அவற்றின்மேல் உள்ள மதிப்பு அபாரம். ஆயினும் நெருளில் முதன்முதலாகக் கத்தி பிடிக்கிறவருக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாழைப்பூவும் வாழைக்காயும் மாங்காயும் எலுமிச்சையும் தொட்ட மாத்திரத்தில் அந்த எஃகு கறுத்து, சில சமயம் காயின்மேலும் கறையை ஏற்றிவிடும். கழுவிய உடனே துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். கழிமுகத்து உப்புக்காற்று வீசும் இவ்வூரில், ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் மழைக்காலத்தில், மேடைமேல் ஈரத்தோடு மறந்து வைத்த கரி எஃகுக் கத்தி மறுநாள் காலைக்குள் செம்புள்ளி பூண்டுவிடுகிறது. துடைக்கும் பழக்கம் கைக்கு வந்தபின் இரண்டாவது கத்தியாக அதை வாங்கிக்கொள்ளலாம். முதற்கத்தி துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும்.

அதிலும், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் என்ற கணக்கில் 55 முதல் 58 வரை உள்ளதே ஆரம்பத்தில் உகந்தது. ஸ்விட்ஜர்லாந்தில் 1884இல் தொடங்கிய விக்டோரினாக்ஸ் கம்பெனியார் தகட்டிலிருந்து வெட்டியெடுத்துச் செய்யும் சாதாரணக் கத்திகளும், கார்டினி போன்ற நம் நாட்டுக் கத்திகளில் தேறியவையும் ஏறக்குறைய இந்த ரகத்தைச் சேர்ந்தவை. ஜப்பானின் உயர்ந்த கத்திகள் 60க்கும் மேலே போகின்றன. அவற்றின் கூர் அதிசயமானது, ஆனால் கடினம் ஏற ஏற நொறுங்கும் சுபாவமும் ஏறுகிறது. சேனையில் அழுத்திவிட்டுப் பக்கவாட்டில் ஒரு முறுக்கு முறுக்கினால் விளிம்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்துவிடும். சற்றே மிருதுவான எஃகு அந்த நிலையில் வளையுமே தவிர உடையாது. வளைந்ததைக் கல்லில் சரிசெய்துகொள்ளலாம். கற்கும் காலத்தில் தவறு செய்யாத கை உலகத்தில் இல்லையாதலால், தவறைப் பொறுத்துக்கொள்ளும் எஃகே வேண்டும்.

பளபளப்பும், அலகில் ஓடும் அலைவடிவங்களும், ஆறு கத்திகளை மரப்பெட்டியில் செருகி விற்கும் தொகுதிகளும் நம் காரியத்துக்கு வேண்டியதில்லை. அத்தொகுதியில் ஒன்றுதான் தினமும் வெளியே வரும். மற்றவற்றின் விலையை ஒரே கத்தியிலும் கல்லிலும் போட்டிருக்கலாம். பல்விளிம்புக் கத்தி ரொட்டிக்கு நல்லது, பழுத்த தக்காளியின் தோலையும் அறுக்கும். ஆனால் அது நறுக்குவதில்லை, கிழிக்கிறது, மழுங்கினால் வீட்டில் தீட்டுவதும் கடினம்.

மாட்டுங்கா மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பாத்திரக் கடையாயினும், 1869இல் கட்டிய கிராஃபோர்டு மார்க்கெட்டின் பக்கத்துத் தெருக்களாயினும், நெருளிலேயே உள்ள பெரிய கடைகளாயினும், கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்க அனுமதிக்கும் இடத்தில் வாங்குவதே விவேகம். கைப்பிடியின் கோடியை மட்டும் பற்றாமல், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அலகின் இரு பக்கங்களையும் கிள்ளிப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களும் பிடியைச் சுற்றிக்கொள்ளுமாறு பிடித்துப் பார்க்கவேண்டும். தேர்ந்தவர்கள் பிடிக்கும் முறை அதுவே. அப்படிப் பிடிக்கும்போது அலகின் முதுகு விரலை உறுத்துகிறதா, பிடி கைக்குள் சுழல்கிறதா, எடை முன்பக்கம் தொங்குகிறதா என்று கவனிக்க. பிறகு விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே நீட்டி நோக்குக: கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, எங்கேனும் வெள்ளிக் கோடாக மின்னினால் அவ்விடம் மழுங்கல். அலகின் எஃகு பிடிக்குள்ளே வெகுதூரம் ஓடியிருக்கிறதா என்று கேட்டறிக. ஒரு அங்குலம் மட்டும் செருகி ஒட்டியது ஈரத்தில் தளர்ந்து, அழுத்தி வெட்டும் சமயத்தில் கழன்றுவிடும். மரப்பிடி அழகானதுதான், மழைக்கால மும்பைக்கு வழுக்காத கெட்டி பிளாஸ்டிக் பிடி அதைவிடச் சௌகரியம்.

பலகையின் சங்கதிக்கு வருவோம். நமது மேடைகளில் பதித்திருக்கும் கருங்கல்லில் எஃகுக்கு இணையாகவும் அதனினும் மிகையாகவும் கடினமான படிகங்கள் உள்ளன; அதன்மேல் ஒரு வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள் எப்பேர்ப்பட்ட கத்தியின் விளிம்பும் மடங்கிவிடுகிறது. எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்குவதும், அழகுக்காக விற்கும் கண்ணாடிப் பலகையில் நறுக்குவதும் அதே விளைவைத்தான் தரும். ரப்பர் மரம், மாமரம் போன்ற அதிகக் கடினமில்லாத மரத்தில் ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பலகை சிறந்தது. மீனுக்கும் கோழிக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பலகை வைத்துக்கொள்ளலாம். அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துவிட்டால் பலகை நகராது. சின்ன வீட்டில் அத்தனை பெரிய பலகைக்கு இடமேது என்று கேட்பவர்களுக்கு, சிறு பலகையில் நறுக்கிய காய் ஓரத்தில் உருண்டு விழுவதைப் பிடிக்கப் போய்த்தான் பல விரல்கள் காயப்படுகின்றன என்று நினைவூட்ட விரும்புகிறேன்.

தீட்டுவதைப் பற்றி எழுதாமல் கத்தியைப் பற்றி எழுதுவது அர்த்தமற்றது. மழுங்கிய கத்திதான் ஆபத்தானது என்ற உண்மை முதலில் நம்புவதற்குக் கஷ்டமாயிருக்கும். மழுங்கிய விளிம்பு தக்காளியின் தோலில் பற்றாமல் வழுக்குகிறது, அதனால் அழுத்துகிறோம், அழுத்திய வேகத்தில் அது எங்கே போய் இறங்கும் என்பது நம் வசத்தில் இல்லை. கூரான கத்தி தன் எடையாலேயே இறங்குவதால் அழுத்தம் வேண்டியிருப்பதில்லை. வெங்காயத்தை நசுக்காமல் அறுப்பதால் கண்ணீரும் குறைகிறது.

சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, மிதிகட்டையால் சாணைச் சக்கரத்தைச் சுழற்றி, தீப்பொறி பறக்கக் கூர் ஏற்றிக் கொடுக்கும் தார்வாலாக்கள் நெருளின் தெருக்களில் இன்னும் குரல்கொடுத்துக்கொண்டு போகிறார்கள். கத்தரிக்கோலுக்கும், பரணிலிருந்து இறக்கிய அரிவாள்மணைக்கும் அவர்களைவிட்டால் வேறு கதியில்லை. அந்த உழைப்பாளிகளுக்குக் கேட்ட கூலியைக் கொடுத்துச் செய்துகொள்வதே முறை. ஆனால் மெல்லிய அலகுள்ள புதுக் கத்தியை அந்த உலர்ந்த சக்கரத்தில் கொடுப்பது உசிதமன்று. வேகமாகச் சுழலும் கல் விளிம்பைச் சூடேற்றிவிடும். ஓரத்தில் நீலம் பாய்ந்தால் கொல்லுலையில் ஏறிய பதம் அவ்விடத்தில் போய்விட்டதென்று பொருள், பின்பு எத்தனை தீட்டினாலும் கூர் தங்காது. தாராவித் தோல் பட்டறைகளில் ராம்பி என்னும் கருவியால் தோலை இழைக்கும் கைவினைஞர்கள் வேலைக்கு நடுவே நிறுத்தி, பக்கத்திலுள்ள கல்லில் நான்கு தரம் தேய்த்துவிட்டுத் தொடர்வதைக் கவனித்தால், கூரைக் காப்பது வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் பெரிய வைபவமல்ல, வேலையின் ஓர் அங்கம் என்பது விளங்கும்.

வீட்டுக்கு 1000 என்ற எண்ணுள்ள நீர்க்கல் ஒன்று போதும். அதைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியின்மேல் அசையாதபடி அமர்த்தி, கத்தியின் விளிம்பு கல்லில் படுமாறு கிடத்தி, முதுகுக்கும் கல்லுக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்குமாறு உயர்த்திக்கொள்க. நாம் சொன்ன அகலமுள்ள கத்திக்கு அது பதினைந்து பதினாறு பாகைக் கோணமாகும். அந்தக் கோணம் மாறாமல் முன்னும் பின்னும் மெதுவாகத் தேய்க்கவேண்டும். சிறிது நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் விரலைக் குறுக்கே, விளிம்பின் போக்கில் அல்ல, லேசாகத் தடவினால் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அந்தப் பிசிர் எழுந்தால்தான் அந்தப் பக்கம் தீர்ந்தது. அதன்பின் திருப்பிக்கொண்டு மறுபக்கம். இரு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாறி மாறிச் சில முறை தேய்த்தால் பிசிர் உதிர்ந்துவிடும். கல்லில் ஊறும் கருஞ்சேற்றை அடிக்கடி கழுவிவிடவேண்டாம், அதுவும் தேய்ப்பில் பங்குகொள்கிறது. பழுத்த தக்காளியின்மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்த மாத்திரத்தில் தோல் பிளந்தால் வேலை சரியாயிற்று. தினமும் சமைக்கும் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் தாராளம். நடுவில் சற்றே மந்தமாகத் தோன்றினால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு ஏறாத சொரசொர வளையத்தில் இரு பக்கமும் ஐந்தாறு தடவை இழுத்துக்கொள்ளலாம்.

கத்தியைத் தொட்டியில் மற்றப் பாத்திரங்களோடு போட்டுவைப்பது இரு விதத்தில் தவறு: விளிம்பு கெடுகிறது, பாத்திரம் துலக்க வருபவர் நுரைக்குள் கைவிடும்போது அவருடைய விரலுக்கு அபாயம் நேர்கிறது. நறுக்கியவரே உடனே கழுவித் துடைத்து, இழுப்பறையில் மற்றவற்றோடு உராயாமல் உறையிட்டோ சுவரில் பதித்த காந்தப் பட்டையிலோ, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

முறை மாறும் முதல் வாரங்களில், காயைப் பிடிக்கும் கைதான் கற்கவேண்டியது. நான்கு விரல்களின் நுனிகளையும் உள்ளே மடக்கி, கட்டைவிரலை அவற்றின் பின்னே ஒதுக்கி, நடுவிரலின் கணு அலகின் பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கச் செய்தால், கத்தி அந்தக் கணுவையே சுவராகக் கொண்டு மேலும் கீழும் போகும். விரல்நுனி அதன் வழியில் இருக்காது. உருளும் காய்களை ஒரு பக்கம் மெலிதாகச் சீவிவிட்டு, அந்தத் தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளரியிலும் வாழைக்காயிலும் ஆரம்பிப்பது நல்லது, அவை மிருதுவாகவும் நீளமாகவும் இருப்பதால் கைக்குத் துணிவு தருகின்றன. பிறகு பீன்ஸும் வெண்டையும் நாலைந்தாகச் சேர்த்துப் பிடித்து. அதற்கும் பிறகு, அடுக்கடுக்காக வழுக்கும் வெங்காயம். சேனையை முதலில் பட்டையாக அறுத்துத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும்; காயைப் பிடிக்கும் கையில் முன்னதாகவே எண்ணெய் தடவிக்கொண்டால் அரிக்காது. ஆனால் எண்ணெய் பூசிய கை கத்திப் பிடியைத் தொடக்கூடாது. தேங்காய் உடைக்கவும் கோழி எலும்பை வெட்டவும் இந்தக் கத்தி ஒருபோதும் ஏற்பட்டதல்ல. பரணில் அரிவாள்மணை இருக்குமானால் அதை இறக்கி, தேங்காய்த் துருவுவதற்கும் பலாக்காய் நறுக்குவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வேலையிலும் அதை வெல்லக்கூடிய கத்தியை நான் கண்டதில்லை. முழுப் பூசணியைப் பிளப்பதை மட்டும் சில மாதங்களுக்குத் தள்ளிவைத்து, அதுவரை நெருள் காய்கறிக்காரரிடம் பாவ் கிலோ, அதாவது கால் கிலோ கணக்கில் கீற்றாகவே வெட்டி வாங்கிக்கொள்வது உத்தமம்.